எலும்பு சேரும், குருத்து சேராது

கறிக்கடைக்குப் போனால் நல்லி எலும்போடு இரண்டு துண்டு தனியாகக் கேட்டு வாங்குங்கள். தொடை எலும்பின் உருண்டை முனை, கத்தி படாமல் முழுசாக ஒன்று. அதே எலும்பை நடுவில் குறுக்கே வெட்டிய துண்டு ஒன்று. கழுவித் துடைத்து வெயிலில் வைத்துப் பாருங்கள்.

உருண்டை முனையின் மேல் நீலம் பாய்ந்த வெள்ளையில் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கும். நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கி மீண்டு வரும். எங்கே கீறினாலும் ரத்தக் கசிவு இருக்காது. அதுதான் குருத்தெலும்பு. வெட்டிய துண்டில் வெளிவட்டம் கெட்டி, நடுவில் மஜ்ஜை. முனைப் பக்கம் போகப் போகத் தேனடை மாதிரி சல்லடைக் கண்கள், அவை முழுக்கச் சிவப்பு. கெட்டியான வெளிவட்டத்திலும் உற்றுப் பார்த்தால் ஊசி குத்திய மாதிரி புள்ளிகள் தெரியும். எலும்புக்குள் ரத்தக்குழாய் போகும் வழிகள் அவை. இளங்கிடாவின் எலும்பு என்றால் முனைக்குச் சற்றுக் கீழே குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். எலும்பு நீளும் வளர்ச்சித் தட்டு அதுதான். முற்றிய ஆட்டில் அந்தக் கோடு மறைந்துவிடும்.

சிவப்பு இருக்கும் இடம் உடைந்தால் சேரும், சிவப்பு இல்லாத பூச்சு கிழிந்தால் சேராது. முறிந்த கையோடு வருகிறவரும் முட்டி நோவோடு வருகிறவரும் ஒரே மருந்தைத் தேடுவது ஏன் தப்பு என்பது இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

எலும்பு எதனால் ஆனது என்று கேட்டால் பலரும் கால்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பாதிதான் சரி. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடுகிற தோலும் நம் எலும்பும் ஒரே நூலால் நெய்தவை. அந்த நூலின் பெயர் கொலாஜன், அதில் முதல் வகை. தோல் மண்டியில் சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரையும் மற்றப் புரதங்களையும் கழித்தபின் மிஞ்சுவது இந்த நூல்தான். அந்தக் காலத்து ஆவாரம்பட்டையோ இந்தக் காலத்துக் குரோமிய உப்போ அந்த நூல்களை ஒன்றோடொன்று பிணைத்து அழுகாமல் வைக்கிறது. எலும்பில் உடம்பு செய்யும் வேலை வேறு. நூல்களின் இடுக்குகளில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்களை நிரப்புகிறது. எடைக்கணக்கில் ஏறக்குறைய 65 சதவீதம் இந்தப் படிகம், 25 சதவீதம் நூல், மீதி தண்ணீர்.

இதைச் சமையலறையிலேயே பிரித்துப் பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குக்கரில் வெந்தது வேண்டாம், அதில் கொலாஜன் கொஞ்சம் குழம்பில் இறங்கியிருக்கும். ஒட்டியிருக்கும் சதையைச் சுத்தமாகச் சுரண்டி, ஒன்றைக் கடை வினிகரில் முழுக மூழ்கும்படி போடுங்கள். குமிழி வரும், அதனால் மூடியை இறுக்க வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றினால் ஒரு வாரத்தில் எலும்பு ரப்பர் மாதிரி வளையும். படிகம் கரைந்துவிட்டது, நூல் மட்டும் நிற்கிறது. வாரம் ஆகியும் நடுப்பகுதி விறைப்பாகவே இருந்தால் வினிகரின் புளிப்பு தீர்ந்துபோய்விட்டது என்று அர்த்தம், இன்னொரு தடவை மாற்றுங்கள். இரண்டாவது எலும்பைக் கரி அடுப்பில் போட்டு, கறுத்து, பிறகு வெளுக்கும்வரை விடுங்கள். வடிவம் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். இங்கே நூல் எரிந்துபோய்ப் படிகம் மட்டும் நிற்கிறது.

வைட்டமின் டி இல்லாமல் கால் வளையும் குழந்தையின் எலும்பு முதல் எலும்புக்குப் பக்கம். கொலாஜன் மரபணுவிலேயே குறையோடு பிறந்து, தொட்டால் முறியும் குழந்தையின் எலும்பு இரண்டாவதற்குப் பக்கம். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் அளவு சரியாக இருக்கிறது என்பதை வைத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுவதுதான் உடம்பின் வழக்கம்.

நம் பக்கத்துக் கடினப்பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. பாறையிலிருந்து புளோரைடு கரைந்து வரும் இடங்களில் அது எலும்புப் படிகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்ரேயில் எலும்பு முன்னைவிட வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். ஆனால் அந்த அடர்த்தி வலு தராது, முறிவதும் சுலபம். முதுகெலும்பின் தசைநார்கள் எலும்பாக இறுகிக் குனிய முடியாமல் போகும். இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீர் இல்லையென்றால் 1.5 வரை. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் மிஞ்சும் தண்ணீரில் அது கூடத்தான் செய்யும். ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு தடவை பரிசோதனை செய்துவைப்பது நல்லது.

எலும்பை வீட்டுத் தூண் மாதிரி, கட்டியபின் அப்படியே நிற்கும் பொருளாக நினைக்கிறோம். உண்மையில் அது தினமும் இடித்துக் கட்டப்படுகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல் அமிலம் விட்டுப் பழைய எலும்பைக் கரைக்கும். ஒரு இடத்தை அது தோண்டி முடிக்க ஏறக்குறைய மூன்று வாரம். அந்தக் குழியை ஆஸ்டியோபிளாஸ்ட் நிரப்பிக் கெட்டியாக்க மூன்று நான்கு மாதம். இடிப்பது வேகம், கட்டுவது நிதானம். கட்டும்போதே தன் சுவருக்குள் சிக்கிக்கொண்ட ஆஸ்டியோபிளாஸ்ட்தான் ஆஸ்டியோசைட். எலும்பிலுள்ள செல்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இவைதான். முடியைவிட மெல்லிய கால்வாய்கள் வழியே கை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நாம் நடக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அந்தக் கால்வாய்களில் நீர் நகரும். அந்த நகர்வை உணர்ந்து எங்கே கட்ட வேண்டும், எங்கே இடிக்கலாம் என்று சொல்வது இவைதான். சுமை விழும் இடத்தில் எலும்பு தடிக்கும், சுமையில்லாத இடத்தில் கரையும் என்று ஜெர்மனியின் ஜூலியஸ் உல்ஃப் 1892-இல் எழுதியதற்குச் செல்கள் அளவிலான விளக்கம் இது. வளர்ந்த ஆளின் எலும்புக்கூட்டில் வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது.

இடித்துக் கட்டும் ஆட்கள் எப்போதும் அங்கேயே இருப்பதால்தான் முறிவு சேர்கிறது. நம் உடம்பில் தோல் கிழிந்தால் தழும்பு வரும், ஈரலிலோ இதயத்திலோ பெரிய காயம் பட்டால் தழும்பு வரும். எலும்போ தழும்பில்லாமல் எலும்பாகவே ஆறும்.

முறிந்த உடனே அங்கே ரத்தம் கட்டுகிறது. பார்க்கப் பயமாக இருக்கும் இந்த ரத்தக்கட்டுதான் வேலையின் அஸ்திவாரம். முதல் சில நாள் வீக்கமும் நோவும் அதிகம், அப்போது செல்களைக் கூப்பிடும் செய்திகள் அங்கே சுரக்கின்றன. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் முறிந்த முனைகளைச் சுற்றி ஒரு மெத்தென்ற திரட்சி உருவாகும். கவனிக்க வேண்டியது, அந்தத் திரட்சியில் பெரும்பகுதி குருத்தெலும்பு. முறிவுக்கு நடுவில் ரத்தம் இன்னும் எட்டாத இடத்தில் உயிர்வாழத் தெரிந்த திசு அது ஒன்றுதான் என்பதால் உடம்பு அதைத் தற்காலிகப் பாலமாகப் போடுகிறது. ரத்தக்குழாய்கள் உள்ளே நுழைய நுழையக் குருத்து கழன்று எலும்பு வருகிறது. தாயின் வயிற்றில் கை கால் எலும்புகள் உருவானதும் இதே வழியில்தான். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், அந்தத் திரட்சியைச் செதுக்கிப் பழைய வடிவுக்குக் கொண்டுவரும் வேலை நடக்கும்.

எவ்வளவு நாள் ஆகும் என்ற கேள்விக்கு ஜார்ஜ் பெர்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் சொல்லிவைத்த கணக்கு இன்றும் கைகொடுக்கும். கையில் சுருளாக முறிந்த எலும்பு 3 வாரத்தில் ஒட்டும். நம்பிச் சுமை வைக்கும் அளவுக்கு இறுக இரண்டு மடங்கு, 6 வாரம். கால் எலும்பு என்றால் அதற்கு இரண்டு மடங்கு, 12. முறிவு குறுக்கே நேராக இருந்தால் இன்னொரு இரண்டு மடங்கு, 24. குழந்தைக்கு இதில் பாதி. சுருள் முறிவு சீக்கிரம் சேர்வதற்குக் காரணம், எலும்போடு எலும்பு தொடும் பரப்பு அதில் அதிகம். ‘பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றரை மாசத்தில் கட்டு பிரித்துவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் அஞ்சு மாசம்’ என்று கவலைப்படுகிறவர் முதலில் அவருடையது எந்த எலும்பு, எப்படி முறிந்தது என்று கேட்க வேண்டும்.

எக்ஸ்ரே எப்போதும் ஒரு அடி பின்தங்கித்தான் வரும். குருத்துப் பாலம் அதில் தெரியாது, சுண்ணாம்பு ஏறிய பிறகுதான் தெரியும். பெரியவர்களுக்கு அது 3 முதல் 6 வாரம். அதனால் இரண்டாவது வாரத்துப் படத்தில் ஒன்றும் மாறவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. பின்னால் முறிவுக் கோடு லேசாகத் தெரிந்துகொண்டிருந்தாலும், நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு படங்களில் தெரியும் நான்கு ஓரங்களில் மூன்றில் எலும்புப் பாலம் விழுந்திருந்தால் சேர்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

முறிந்த இடம் எவ்வளவு அசையலாம்? இதில் கணக்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஸ்டீபன் பெரன் சொன்னது: இடைவெளியில் எத்தனை சதவீதம் அசைவு என்பதைப் பார். 2 சதவீதத்துக்குள் என்றால் நேராக எலும்பே விளையும். 2 முதல் 10 வரை என்றால் குருத்து விளையும். அதற்கு மேல் போனால் நார்தான். 1 மில்லிமீட்டர் இடைவெளியில் 0.1 மில்லிமீட்டர் அசைந்தால் 10 சதவீதம். அதே அசைவு 10 மில்லிமீட்டர் இடைவெளியில் 1 சதவீதம். மாவுக்கட்டு முழுக்க அசையாமல் பிடிப்பதில்லை, கொஞ்சம் அசைய விடும். அதனால்தான் அதில் பெரிய திரட்சி வந்து சேர்கிறது. தகடு வைத்துத் திருகி இறுக்கினால் திரட்சியே இல்லாமல் எலும்புக்குள் எலும்பு ஊடுருவிச் சேரும். முதல் வழி மட்டம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இரண்டும் நல்ல வழிதான், முறிவின் இடத்தைப் பொறுத்து எது வேண்டும் என்பது மாறும்.

இனி கட்டு. மாவுக்கட்டுக்கு ஜிப்சத்தைச் சுட்டு நீர் போக்கிய தூள்தான் சரக்கு. தண்ணீர் பட்டதும் அது நீரை மீண்டும் எடுத்துக்கொண்டு சூடாகி இறுகும். டச்சு ராணுவ மருத்துவர் மதைசன் 1850-களின் தொடக்கத்தில் இதைத் துணியில் தேய்த்துச் சுருளாக்கிக் காட்டினார். நம் ஊரில் மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் வரும்போதே கொதிக்கும். அந்தத் தண்ணீரில் நனைத்தால் கட்டு வடிவம் பிடிக்கும் முன் இறுகிவிடும், சூடு கூடித் தோலும் வேகும். பானைத் தண்ணீர் சூட்டில் இருந்தால் போதும். சுருளை முக்கிக் குமிழி நிற்கும்வரை வைத்து, முறுக்காமல் இரு முனையிலும் அழுத்திப் பிழிய வேண்டும். முறுக்கினால் மாவு தண்ணீரோடு போய்விடும். கைக்குப் பட்டை 8 முதல் 10 மடிப்பு, காலுக்கு 12 முதல் 16. சில நிமிஷத்தில் இறுகினாலும் உள்ளீரம் போய் முழு வலு வர இரண்டு நாள் ஆகும். அதுவரை ரெக்சின் தலையணை மேல் வைக்கக் கூடாது, சூடு அடைபடும். கட்டில் விளிம்பில் ஊன்றவும் கூடாது, குழிவு விழுந்து உள்ளே தோலை அழுத்தும்.

ஆந்திர எல்லைக்கு அப்பால் புத்தூர் கட்டு. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை அந்தப் பக்கமும் வடஆர்க்காடுதான், அதனால் நம் ஊர்க் குடும்பங்களுக்கு அது அந்நியமே இல்லை. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பட்டை. இதில் வேலை செய்வது மூங்கில் பட்டைதான் என்பது என் கணிப்பு. முறிவை அசையாமல் பிடித்தால் உடம்பு சேர்த்துக்கொள்ளும், எதைக் கொண்டு பிடித்தாலும். முனைகள் விலகாத எளிய முறிவு அதில் சேர்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சிக்கல் இருப்பது வேறு இடங்களில். மூட்டுக்குள் ஓடும் முறிவு, தோல் கிழிந்து எலும்பு தெரியும் முறிவு, குழந்தையின் முழங்கை, வயதானவரின் இடுப்பு, இந்த நான்கையும் எந்தக் கட்டுக்காரரிடமும் கொண்டுபோகக் கூடாது. இதில் நான் சமாதானம் பேச மாட்டேன்.

முழங்கையை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், குழந்தை கையூன்றி விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிந்தால் பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது. வீக்கம் ஏற ஏற, இறுகக் கட்டிய கட்டுக்குள் முன்கைச் சதைக்கு ரத்தம் போகாது. ஆறு மணி நேரம் போனால் சதை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் மடங்கியே இறுகிவிடும். ஜெர்மன் மருத்துவர் வோல்க்மன் 1881-இல் எழுதிய சதைச் சுருக்கம் இதுதான். எந்தக் கட்டானாலும், மாவோ மூங்கிலோ, முதல் இரண்டு நாள் பார்க்க வேண்டிய குறிகள் சில. கட்டுப் போட்டபின் நோவு குறைய வேண்டும், ஏறக் கூடாது. விரலை நீங்களே மெல்ல நீட்டிப் பாருங்கள், பிள்ளை அலறினால் ஆபத்து. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மரத்துப்போகிறது என்றாலும் ஆபத்து. நாடி துடிக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள், சதை சாகும்போதும் நாடி துடிக்கலாம். இந்தக் குறி கண்டால் கட்டை முழு நீளத்துக்குப் பிளக்க வேண்டும், உள்ளே இருக்கும் பஞ்சையும் சேர்த்துத் தோல் தெரியும்வரை. கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. சாதாரண வீக்கத்துக்கு உயர்த்தி வைப்பது சரி, இந்த நிலையில் அது ரத்தத்தை இன்னும் குறைக்கும்.

இன்னொன்று, எண்ணெய் போட்டு நீவுவது. அடிபட்ட முழங்கையை நீவினால் சதைக்குள் எலும்பு விளையலாம். கேட்க விநோதமாக இருக்கும், நடப்பதுதான். முழங்கை ஒரே கோணத்தில் பூட்டிக்கொள்ளும்.

சேராத முறிவுகளும் உண்டு, அவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: ரத்தம் போதவில்லை, அல்லது அசைவு அதிகம். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் இருக்கும் படகெலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் முறிந்தால் பின்துண்டு பட்டினி. கையூன்றி விழுந்து, கட்டைவிரல் அடியில் குழிவில் தொட்டால் நோகிறது என்றால் முதல் எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் விட்டுவிடக் கூடாது. 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்க வேண்டும். தொடை எலும்பின் கழுத்தும் இப்படியே. பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு அங்கே முறிந்தால் உருண்டைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் கிழிகின்றன. படுக்கவைத்துச் சேர்க்கலாம் என்று காத்திருந்தால் எலும்புக்கு முன் படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் வந்துவிடும். கூடியவரை இரண்டு நாளுக்குள் அறுவை. பீடி, சிகரெட் பழக்கம் ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சேர்வதைத் தள்ளிப்போடும். கட்டுப் போட்டிருக்கும் மாதங்களிலாவது நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

சாப்பாடு. ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு சேரும் என்பது வீட்டுக்கு வீடு வேதவாக்கு. சூப் ஆறினால் கட்டியாக உறையும், அது எலும்பிலும் தசைநாரிலும் இருந்து இறங்கிய கொலாஜன், அதாவது ஜெலட்டின். வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதம் மாதிரி அமினோ அமிலமாக உடையும். நல்ல ஆகாரம், ஆனால் கால் சூப் காலுக்குப் போகாது. அதில் கால்சியமும் சொற்பம், வெறும் தண்ணீரில் எலும்புப் படிகம் கரைவதில்லை. கால்சியம் வேண்டுமென்றால் நம் பக்கத்துக் கேவுரு, அதாவது கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் சுமார் 364 மில்லிகிராம். அதே அளவு வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம்கூடக் கிடையாது. வளர்ந்தவருக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொன்னது. கேவுரில் இருக்கும் பைட்டேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முளைகட்டினாலோ புளிக்க வைத்தாலோ அது குறையும். அந்த வகையில் களியைவிடப் புளித்த கூழ் ஒரு படி மேல். முருங்கைக்கீரை, மோர், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் கூட்டு.

காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. டி-யை உண்டாக்கும் கதிர் சூரியன் தாழ்வாக இருக்கும்போது காற்றுமண்டலத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் வேலைக்கு ஆகும். கை கால் தெரிய 15 முதல் 30 நிமிஷம். கத்திரி வெயிலில் மயங்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தால் பலன் இல்லை.

குருத்துக்கு வருவோம். மூட்டுக் குருத்தில் எடைக்கு முக்கால் பங்கு தண்ணீர். கொலாஜன் இங்கே இரண்டாம் வகை, அதன் வலைக்குள் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. வலை விரியாமல் கட்டுகிறது, அக்ரிகன் ஊதித் தள்ளுகிறது, இந்த இழுபறியில்தான் அந்த வழவழப்பும் மீள்தன்மையும். முட்டியில் கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர், சில்லின் அடியில் இன்னும் கொஞ்சம் அதிகம். செல்கள் கன அளவில் நூற்றில் ஐந்துகூட இல்லை, ஒவ்வொன்றும் தன் குழிக்குள் தனியாக. ரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பில்லாததால் பாதி தேயும்வரை நமக்குத் தெரிவதே இல்லை. அடியிலிருக்கும் எலும்புக்கும் மூட்டுறைக்கும் பாதிப்பு போன பிறகுதான் நோவு.

ரத்தம் இல்லாத திசு எப்படிச் சாப்பிடுகிறது? சுமை விழும்போது தண்ணீர் பிழியப்படும், சுமை போகும்போது மூட்டுநீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீரோடு வருவதுதான் அதன் ஆகாரம். அதனால் மூட்டுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று மாதக்கணக்கில் படுத்தால் குருத்து பட்டினி கிடக்கும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் முறத்தை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். முட்டி மடிந்த நிலையிலேயே, ஒரே இடத்தில் அழுத்தம், பிழிவதும் உறிஞ்சுவதும் இல்லை. அரைமணிக்கு ஒருமுறை காலை நீட்டிப் பத்துத் தரம் மடக்கி நீட்டினால் போதும், வேலை கெடாது.

வளர்ந்த பின் குருத்தின் கொலாஜன் வலை புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு மெதுவு. கெட்ட குருத்து திரும்ப வராது என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743-லேயே எழுதிவிட்டார். ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதுவும் ரத்தத்தால் வருவது. குருத்தோடு அடி எலும்பும் ஓட்டையானால் மஜ்ஜை ரத்தம் கசிந்து வந்து குழியை நிரப்பும். இதையே வேண்டுமென்று செய்கிறது ஒரு அறுவை. குருத்து போன இடத்தில் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு எலும்பில் சிறு துளைகள் குத்துவார்கள். ஆனால் அங்கே வளர்வது நார்க்குருத்து, தோலிலும் எலும்பிலும் உள்ள முதல் வகைக் கொலாஜன்தான் அதில் அதிகம். ஒட்டுப்போட்ட துணி மாதிரி, சில வருஷம் தாங்கும். இளவயதில், சின்ன ஓட்டைக்குச் சரி, முழு முட்டியும் தேய்ந்தவருக்கு ஆகாது.

இந்த ‘எலும்பு தேய்மானம்’ என்ற சொல் மூன்று வேறு வியாதிகளுக்கு ஓடுகிறது. முட்டியில் குருத்து போவது ஒன்று. எலும்பின் அடர்த்தி குறைவது இன்னொன்று, அது முறிகிறவரை நோகாது. கழுத்திலும் இடுப்பிலும் முதுகெலும்பு வட்டு வற்றி ஓரத்தில் முள் கிளம்புவது மூன்றாவது. முதலாவதற்குக் கால்சியம் மாத்திரை தின்று பயனில்லை. இரண்டாவதற்குத் தைலம் தேய்த்துப் பயனில்லை. தேய்மானம் என்று யார் சொன்னாலும் ‘எலும்பா, குருத்தா, வட்டா’ என்று திருப்பிக் கேளுங்கள். குளுக்கோசமின் மாத்திரை பற்றி 2006-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் மொத்தக் கணக்கில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை.

முட்டிக் குருத்துக்குச் செய்யக்கூடியது சுமையைக் குறைப்பதும் தொடைச் சதையை வலுவாக்குவதும்தான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் சுமார் நான்கு கிலோ சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். பத்துத் தரம், நாளைக்கு மூன்று வேளை. பழகியபின் கணுக்காலில் அரைக்கிலோ மணல்பை. சோளிங்கர் பெரியமலைக்கு 1305 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், முட்டிச் சில்லு நோவது இறங்கும்போதுதான். ரோப்கார் ஒரு வழிக்கு மட்டும் என்றால் இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். படியில் நல்ல கால் முதலில் ஏற வேண்டும், நோகும் கால் முதலில் இறங்க வேண்டும். கைத்தடி நோகும் காலுக்கு எதிர்க் கையில். பத்துப் பேரில் பாதிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

ரத்தம் இருந்தால் எலும்பு சேரும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ரத்தம் தாராளமாக இருந்தும் எலும்பு கரையும் ஒரு நிலை உண்டு, அதை உலகத்துக்குப் புரியவைத்ததில் வேலூருக்குப் பங்கு இருக்கிறது. தொழுநோயில் விரல் உதிர்ந்து விழுகிறது என்று ஊரே நம்பிய காலத்தில், 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்தக் கைகளை உட்கார்ந்து கவனித்தார். நோய் நேராக விரலைத் தின்பதில்லை. உணர்வு செத்த விரல் சூடான டம்ளரைப் பிடிக்கிறது, இறுகிய பூட்டைத் திருகுகிறது, புண்ணாகிறது, சீழ் எலும்புக்குப் போகிறது, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விரல் குட்டையாகிறது. நோவு இல்லாததுதான் காரணம். வேலூருக்குப் பக்கத்தில் 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இந்த வேலை தொடர்ந்தது.

இன்று அதே கதை சர்க்கரை வியாதிக்காரரின் பாதத்தில். நரம்பு செத்தபின் ரத்தக்குழாய்களை அடக்கும் நரம்பும் செத்துவிடும். பாதத்துக்கு ரத்தம் வெள்ளமாகப் பாயும், கூடவே ஆஸ்டியோகிளாஸ்ட் வேலை எகிறும். எலும்பு மெலிந்து, சிறு முறிவுகள் விழும். நோவு தெரியாததால் அதன் மேலேயே நடப்பார். சில வாரத்தில் பாதத்தின் வளைவு இடிந்து, அடிப்பகுதி படகு மாதிரி ஆகிவிடும். சார்கோ பாதம் என்பது இது. ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றப் பாதத்தைவிட 2 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடாக இருந்து, நோவு குறைவாகவோ இல்லாமலோ இருந்தால் சீழ் என்று கீறுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். வைத்தியம் பழையதுதான்: பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டு, சுமை இறக்கம். பிராண்ட் 1960-களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய் அங்கே பரவலாக்கியது இந்தக் கட்டைத்தான். வீக்கம் வற்ற வற்றக் கட்டு தளரும், அதனால் முதல் கட்டை ஒரு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். இரண்டு பாதத்துக்கும் சூட்டு வித்தியாசம் 2 டிகிரிக்குள் வந்து அப்படியே நிலைக்கும்வரை கட்டு தொடரும். பல மாதம் ஆகும்.

கட்டு பிரித்தபின் எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோசெல்லுலர் ரப்பர் உள்ளங்கால் மெத்தை, அடியில் தேயாத கடின ரப்பர், பின்பக்கம் குதிகாலைச் சுற்றி வார். வார் இல்லாத செருப்பு உணர்வில்லாத காலில் நிற்காது, கழன்று விழுந்ததும் தெரியாது. விரலிடைப் பட்டை வேண்டாம், அங்கே தேய்ந்து புண் வரும். ஆணி அடித்த செருப்பும் ஆகாது, ஒட்டியும் தைத்தும்தான் செய்ய வேண்டும். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள். போடும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கல்லோ முள்ளோ இருந்தால் கைக்குத்தான் தெரியும்.